மடியில் உட்காராத மருமகள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். பொறுப்பு பெரியது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருப்பதாக ஊரில் பலர் நம்புகிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட என் கையைப் பிடித்து அழுத்தி இதைச் சொல்லியிருக்கிறார். நான்கு வருடங்களாக முறைப்படி தேடிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒளிந்திருந்து அகப்பட்டவை: டி.வி. ரிமோட், இட்லித் தட்டில் ஒரு அடுக்கு, என் மூக்குக் கண்ணாடி, எதிர்வீட்டுக்காரரின் இடது கால் செருப்பு. மேதை எவரும் அகப்படவில்லை. என் மகள் கயல்விழிக்கு ஆறு வயது. அவளுக்குள் ஒளிந்திருப்பதும் ஆறு வயதுக் கயல்விழிதான். அவளையே நான் இன்னும் பார்த்து முடித்தபாடில்லை.

பகலில் நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஐந்து மணிக்கு மணியடித்தால் வேலை முடிந்தது. கீரனூரில் பேருந்தைவிட்டு இறங்கி வீட்டுப் படியேறியதும் ஆரம்பிக்கிற வேலைக்கு மணி கிடையாது, விடுப்பு விண்ணப்பம் கிடையாது, தெருவில் போகிற அத்தனை பேரும் மேலதிகாரிகள். என் மனைவி பவானி இதில் முழுநேர ஊழியர். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படிக்கலாம்.

காது கேட்கிறதா?

கயல்விழி என்று பெயர் வைத்தவன் நான். மீன் போன்ற கண்ணை உடையவள் என்று பொருள். அந்தக் கண் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. காதில் கோளாறோ என்று திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

செவித்திறன் சோதிக்கும் பெண் என்னைக் கூப்பிடச் சொன்னார். கயல் என்றேன், கயல்விழி என்றேன், கண்ணு, தங்கம், செல்லம், இலக்கணம் அனுமதிக்கிற அத்தனை விதத்திலும் விளித்தேன். அவள் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலின் ரப்பர் புஷ்ஷைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அங்கே பிஸ்கட் பொட்டலம் ஒன்றின் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கீறியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை, பவானிக்கும் கேட்கவில்லை. கயல் எழுந்து, கதவைத் தள்ளி, நேராக அந்தப் பொட்டலத்தின் முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்த அந்தப் பெண் சொன்னார்:

“காது ஒங்களவிட நல்லாவே கேக்குது சார். நீங்க கூப்பிடுறதுதான் அவளுக்கு அவசரமாத் தெரியல.”

முறையான மடி

பவானியின் அண்ணன் செல்வராசு கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறார். தோப்புக்காரர்களிடம் கொட்டையாக வாங்கி, உடைத்து, பருப்பாக விற்பவர். அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். ஒரே தங்கையின் ஒரே மகள் என்பதால் கயல் பிறந்த அன்றே மருமகளுக்குக் காதுகுத்து எப்போது என்று கேட்டவர். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்பது குழந்தையின் விசேஷம் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தாலும், உண்மையில் அது தாய்மாமனின் விசேஷம். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி குத்துவார். வேறு மடி செல்லாது.

ஒரு வயதில் ஏற்பாடு செய்தபோது கயலுக்குக் காய்ச்சல். மூன்று வயதில் மண்டபம் பிடித்தோம். மைக் செட், சீர்த்தட்டுகள், முன்னூறு பேர். மச்சான் பட்டு வேட்டியில் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். அவர் விரல் நுனி பட்டதுதான் தாமதம், கயல் கொதிக்கிற எண்ணெய் மேலே தெறித்ததுபோல அலறி, துள்ளி விழுந்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். உறவில் ஒரு பெரியவர் நாலு பேர் சேர்ந்து கை காலைப் பிடித்தால் ஒரு நிமிஷ வேலை என்றார். மச்சான் எழுந்து நின்று, “மாட்டுக்கா லாடம் அடிக்கிறோம்? எலை போட்டாச்சு, எல்லாரும் சாப்பிடப் போங்க” என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்.

பிறகு மண்டபத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“குத்துறது கெடக்கட்டும் மாப்ள. ஒரே ஒரு தடவ என் மடியில வந்து உக்காந்தாப் போதும்.”

கூட்டத்தின் மகிமை

சனிக்கிழமைதோறும் பயிற்சிக்காகக் கயலைத் திருச்சிக்குப் பேருந்தில் அழைத்துப் போவேன். அவளுக்கு இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டு வேண்டும். அதில் வேறு யாராவது இருந்தால் அழ மாட்டாள், கத்த மாட்டாள். பக்கத்தில் நின்று அவர்களின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு நிறுத்தத்துக்குள் எந்த மனிதரும் எழுந்துவிடுவார். மந்திரம், தாயத்து, வசம்பு, சுக்கு என்று எனக்கு மருத்துவம் சொல்லாத சக பயணி கிடையாது. குறித்துக்கொள்வதுபோலப் பாவனை செய்வேன். நூலகப் பழக்கம்.

ஒரு முகூர்த்த நாளில் பேருந்து பிதுங்கியது. சீட்டும் கிடைக்கவில்லை, மூச்சும் கிடைக்கவில்லை. மணப்பெண் வீட்டார் இரண்டு பேருக்கு நடுவில் கயல் அப்பளம்போல நசுங்கி நின்றாள். விரல் நுனி பட்டாலே அலறுகிற பிள்ளை, இன்றைக்குப் பேருந்தையே கவிழ்த்துவிடப் போகிறாள் என்று நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டோரம் சிரிப்போடு, தொண்டைக்குள் ஏதோ மெட்டு முனகிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் நூலகத்தில் ஆட்டிசம் பற்றிய புத்தகங்கள் மருத்துவம், உளவியல், கல்வி என்று மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன. மூன்றையும் படித்தவன் நான். மெல்லத் தொடுவது சில குழந்தைகளுக்கு நெருப்பு, அழுத்திப் பிடிப்பது அடைக்கலம் என்று மூன்றிலும் இருக்கிறது. படித்த அன்றைக்கு அடிக்கோடுகூடப் போட்டேன். புரிந்தது களமாவூர் தாண்டி, யாரோ ஒருவருடைய மிக்சர் பை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தபோது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த நடத்துநர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கூட்டத்தைப் பாத்துச் சந்தோசப்படுற ஒரே பாசஞ்சர் ஒங்க பொண்ணுதான் சார்.”

தரையில் கிடந்தது

இது நடுவில் வருகிற ஒரு சின்ன விஷயம். விட்டுவிட மனமில்லை. காலை எட்டரை மணிக்கு எங்கள் கூடத்தில், ஓடு ஒன்று விலகிய இடைவெளி வழியாக வெயில் ஒரு குச்சிபோல இறங்கும். கயல் தரையில் மல்லாந்து படுத்து அதையே பார்ப்பாள். பல் தேய்க்கக் கூப்பிட்டால் வர மாட்டாள். என்னதான் இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் படுத்தேன். முதல் ஐந்து நிமிடம் தூசி தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் அது தூசியாக இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பியது, மின்னியது, அணைந்தது, ஒன்றுக்கு வழிவிட்டு ஒன்று ஏறியது. அடுக்களையில் பவானி தாளிக்கும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் துள்ளின. துள்ளுவதற்கு ஒரு கணம் முன்பே கயல் கையைத் தட்டினாள். கரண்டி எடுக்கிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நாற்பத்தெட்டு வருடங்களாக இந்த உலகத்தில் இருக்கிறேன், இது காலை எட்டரை மணிக்கு நடக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் கிடப்பதை, உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். இருந்தாலும் எனக்குக் கேட்டது:

“ஏன் பவானி, இது அவருக்குமா இருக்கு?”

மூட்டை

பேருந்து விஷயத்தை மச்சானிடம் சொல்லவில்லை. அதற்கு முன் கயலே சொல்லிவிட்டாள். கந்தர்வக்கோட்டையில் அவருடைய தகரக் கொட்டகையில் கொட்டை மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கியிருப்பார்கள். நாங்கள் போயிருந்த ஒரு நாள் ஆளைக் காணோம் என்று தேடினால், இரண்டு மூட்டைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் புகுந்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பவானி இழுக்கப் போனாள். மச்சான் தடுத்துவிட்டு, மூட்டைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அந்த நேரத்தைப் பயன்படுத்தி, தோலும் தசையும் மூட்டும் மூளைக்கு என்னென்ன செய்தி அனுப்புகின்றன, மென்மையான தொடுகையை மூளை எப்படித் தவறாக வாசிக்கிறது என்று அவருக்கு விரிவாக விளக்கினேன். முடித்தபோது மச்சான் கேட்டார், “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள? மூட்டை நம்மகிட்ட இல்லாத சரக்கா?”

அடுத்த வாரமே கெட்டித் துணியில் ஒரு குட்டி மூட்டை தைத்துவிட்டார். உள்ளே உடைக்காத கொட்டை, மூன்று கிலோ இருக்கும். கயல் தரையில் உட்கார்ந்தால் அவள் தொடை மேல் அதை வைப்பார். கையை எடுத்துவிடுவார். அவளைத் தொட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் புரட்டுவதுபோல நடிப்பார். நோட்டு தலைகீழாக இருந்ததை ஒருமுறை நான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். ஆடியில் ஆரம்பித்தது. புரட்டாசி வாக்கில் கயல் ஒரு முழம் தள்ளி உட்கார ஆரம்பித்தாள். ஐப்பசி மழையில் தகரம் அதிர்ந்துகொண்டிருந்த ஒரு நாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவருக்குப் பின்பக்கமாக உட்கார்ந்து, தன் முதுகை அவர் முதுகில் அழுத்திச் சாய்ந்தாள். மச்சான் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி என்னிடம் ரகசியமாகச் சொன்னார்:

“முதுகு வரைக்கும் வந்துட்டா மாப்ள. மடி இங்கிட்டுத்தான் இருக்கு, சுத்தி வரட்டும்.”

ஒத்திகை

காதுகுத்தைத் தை மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று பவானிதான் சொன்னாள். கட்டாயம் கிடையாது, கயல் எழுந்தால் அதோடு விட்டுவிடுவது என்று மச்சானோடு சேர்ந்து மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, நடக்கப் போகிற எதையும் கயலுக்கு முன்கூட்டியே படமாகக் காட்ட வேண்டும். வகைப்படுத்துவது என் பிழைப்பு என்பதால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து அட்டைகள் வரைந்தேன். ஒன்று, மாமா உட்காருகிறார். இரண்டு, கயல் மாமா மடியில் மூட்டையோடு. மூன்று, கயலின் காது. நான்கு, மாமாவின் காது. ஐந்து, முறுக்கு.

நான்காவது அட்டைக்குக் காரணம் இருக்கிறது. காதை அழுத்திப் பழக்குவதற்காகப் பவானி கயலின் வலது காது மடலில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை அழுத்தி ஒட்டுவாள். மடலில் ஏதோ இருப்பது கயலுக்குப் பிடிக்கவில்லை. மாமாவுக்கும் ஒன்று ஒட்டிய பிறகுதான் சமாதானம் ஆனாள். தனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. அதன் பிறகு முறுக்கு. பத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதே வரிசை. இரண்டாவது அட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்துவிடுவாள், மடிக்கு வர மாட்டாள், எதிரில் உட்கார்ந்தே முடித்துக்கொள்வாள். மச்சான் பொட்டை எடுக்க மறந்து சந்தை வரைக்கும் போய்வருவார். கொட்டகையில் கொட்டை உடைக்கிற பெண்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் திருவிழா. அவர்களில் மூத்தவர் ஒரு நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“போன வாரத்து மெரூன விட இந்தப் பச்ச ஒங்களுக்கு எடுப்பா இருக்கு மொதலாளி.”

மடி

மண்டபம் இல்லை, மைக் செட் இல்லை. அதே தகரக் கொட்டகை, காலை பத்து மணி. நாங்கள் மூன்று பேர், மச்சானின் மனைவி, ஆசாரி, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொட்டை உடைக்கிற பெண்கள். மச்சான் வேட்டியை இழுத்துவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கயல் முதல் அட்டையைப் பார்த்தாள், மாமா உட்கார்ந்திருந்தார். சரி. இரண்டாவது அட்டையைப் பார்த்தாள். வழக்கமாகத் தள்ளிவைக்கிற அட்டை. அன்றைக்குத் தள்ளவில்லை. அதை விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். அவரை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னால் வந்து, திரும்பி, அந்த மடியில் உட்கார்ந்து மூட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மச்சானின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கயல் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, தன் மேல் குறுக்காகப் போட்டு, மாட்டிக்கொள்கிற பெல்ட்டைப் போல இறுக்கிக்கொண்டாள். நான் நிறையப் படித்தவன். அந்த நிமிடத்துக்கு ஒரு சொல்கூட எனக்கு அகப்படவில்லை, தேடவும் தோன்றவில்லை. பவானி என் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரி பொட்டு ஒட்டுகிற அதே அழுத்தத்தோடு வலது மடலைப் பிடித்து, கம்மலின் கம்பியாலேயே குத்திவிட்டார். கயல் “ம்ம்” என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் மூட்டை மேல் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. ஆசாரி இரண்டாவது கம்மலை எடுத்துக்கொண்டு இடது பக்கம் நகர்ந்தார். கயல் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையைக் கம்மலோடு மேலே தூக்கி, மாமாவின் காதில் கொண்டுபோய் வைத்தாள்.

என் ஐந்து அட்டைகளையும் அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று, கயலின் காது. நான்கு, மாமாவின் காது. கயலுக்கு இன்னொரு காது இருக்கிறது என்ற செய்தியே அந்த ஆவணத்தில் இல்லை. வகைப்படுத்துவதில் இருபது வருட அனுபவம் உள்ளவன் வரைந்தது. அவள் மட்டும் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்திருக்கிறாள். ஒரு காலத்தில் நம் ஆண்கள் எல்லோரும் காதில் கடுக்கன் போட்டவர்கள்தான் என்று வரலாற்றுச் சான்றோடு எடுத்துச் சொல்ல நான் தொண்டையைக் கனைத்தேன். பவானி முறைத்தாள்.

“அண்ணே, இது பொம்பளப் புள்ளக் கம்மல்ணே. செவப்புக் கல்லு” என்றார் ஆசாரி.

“எந்தக் கல்லா இருந்தா என்ன, குத்துங்கய்யா. எந்திரிச்சுரப் போறா” என்றார் மச்சான்.

ஆசாரி குத்தினார். மச்சான் “ஆத்தாடி” என்றார். கயலைவிடச் சத்தமாகத்தான். கயல் நான்காவது அட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஐந்தாவதை எடுத்துத் தன் அம்மாவை நோக்கி நீட்டினாள். முறுக்கு டப்பா உள் அறையில் இருந்தது. அது வந்தால் வேலை முடிந்தது என்று கயல் எழுந்துவிடுவாள். பவானி கிளம்பினாள். காதில் சிவப்புக் கல் மின்ன, கைகளை இறுக்கிப் பிடித்தபடி, உடம்பில் வேறெந்தத் தசையும் அசையாமல் மச்சான் சொன்னார்:

“பவானி, மெதுவா வா. அவசரமில்ல.”

* * *

கயலின் இடது காது அப்படியேதான் இருக்கிறது. கந்தர்வக்கோட்டையில் இப்போது செல்வராசு கடை என்று கேட்டால் யோசிக்கிறார்கள், ஒத்தக் கம்மல் கடை என்று கேட்டால் வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள்.